புளித்தால் பழுதில்லை: பீப்பாயில் ஊறிய பொன்னிற ஏலும் நாங்கள் விடும் பிழைகளும்

போன மாதம் கொக்குவிலில் ஒரு வீட்டு முற்றத்தில் கூடியிருந்தோம். பிரான்சில் இருந்து வந்திருந்த தம்பி ஒருவர், உடுப்புக்குள் சுற்றி இரண்டு போத்தல் கொண்டுவந்திருந்தார். மரப்பீப்பாயில் ஒன்றரை வருடம் ஊறிய பொன்னிறப் புளிப்பு ஏல், பியரில் ஒரு வகை. முக்கால் லீற்றர், தக்கை அடைத்தது. அரை மணித்தியாலத்துக்குள் அங்கிருந்த நாலு பேரும், நான் ஒரு காலத்தில் விட்ட பிழைகளை ஒன்றுவிடாமல் விட்டுமுடித்தார்கள். வெளிநாட்டில் எட்டு வருடம் ஒரு பாரில் ஊற்றிக்கொடுத்தவன் நான். வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போத்தலைக் குலுக்காதே, வெறுவயிற்றில் குடிக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுவோம்.

ஃப்ரீசருக்குள் தள்ளுவது

யாழ்ப்பாண வெயிலுக்கு பியர் என்றால் பல்லுக் கூசும் குளிரில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். லாகர் என்கிற, நாங்கள் வழக்கமாய்க் குடிக்கும் சாதாரண பியருக்கு அது சரி. இதை அப்படிக் குளிரவிட்டால் மணம் மேலே எழும்பாது. மணம் இல்லாத இடத்தில் புளிப்பு மட்டும் மொட்டையாக நிற்கும். 10 முதல் 12 பாகை போதும். பிரிட்ஜில் இருந்து எடுத்து கால் மணித்தியாலம் மேசையில் வையுங்கள், மிச்சத்தை எங்கள் ஊர்க் காற்றே பார்த்துக்கொள்ளும். ஃப்ரீசரின் குளிர் மைனஸ் 18. மறந்துபோனால் உள்ளே உறைந்து, பருத்து, தக்கையைத் தள்ளிவிடும். என் முதல் போத்தல் அப்படித்தான் ஒரு கட்டி இறாலோடு ஒட்டிப்போனது.

ஐஸ் கட்டி போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பழுது என்று ஊற்றிவிடுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

அன்று முற்றத்தில் இருந்த ஐயா ஒருவர் ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. "தம்பி, இது பழுதாப்போட்டுது. வினாகிரியடா" என்றார். நான் எழும்பிப் போவதற்குள் கிளாஸில் இருந்ததையும் போத்தலில் மிச்சமாய் இருந்ததையும் வாழைமரத்தடியில் கவிழ்த்துவிட்டார். அக்கறையோடு செய்த வேலை, பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஆகாது என்று. ஒன்றரை வருடம் பீப்பாய்க்குள் ஊறி, கடல் தாண்டி வந்தது வாழைக்குப் போனது.

எனக்கு ஏன் கோபம் என்றால், அதே ஐயா கள்ளுத் தவறணையில் பனையோலைப் பிளாவை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவுடனேயே காலைக் கள்ளா, பின்னேரக் கள்ளா, கைவிட வேண்டிய கள்ளா என்று சொல்லக்கூடியவர். அந்த மூக்கை இந்த கிளாஸுக்கு மட்டும் ஏன் பாவிக்கவில்லை? பியர் என்று சொன்னவுடன் பியரைத் தேடினார். கைப்பும் நுரையும் வரவில்லை, புளிப்பு வந்தது. தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சுண்ணாம்பு பூசாத முட்டியில் இறங்கும் பனஞ்சாறு தானாகவே புளிக்கும். ஈஸ்ட் இனிப்பைத் தின்று மதுசாரமாக்கும், லாக்டிக் பக்டீரியா புளிப்பேற்றும், காற்றுப்பட நேரம் போனால் அசெட்டிக் பக்டீரியா வந்து வினாகிரியாக்கும். பீப்பாய்க்குள் நடப்பதும் இதே கதைதான், மெதுவாக. பெரும்பாலும் வைன் வைத்திருந்த பழைய ஓக் பீப்பாய்கள், பல 225 லீற்றர் அளவு. மரத்தின் ஊடாகக் காற்று துளித்துளியாய் உள்ளே போகும். கவனிக்காமல் விட்டு காற்று கூடினால் அது பின்னேரக் கள்ளின் வழியில் போய்விடும். கவனித்தால் தயிர்ப் புளிப்பில் நிற்கும்.

வித்தியாசத்தை எப்படிப் பிடிப்பது? மூக்கால். லாக்டிக் அமிலத்துக்கு மணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, நாக்கில்தான் தெரியும். தயிரை நினைத்துக்கொள்ளுங்கள். அசெட்டிக் அமிலம் ஆவியாகி எழும்புவது. கிளாஸைக் கிட்டக் கொண்டுவரும்போதே மூக்கில் குத்தினால் அது வினாகிரிப் பக்கம். நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல மணத்தால் இன்னும் மோசம். கொஞ்சமாய்க் குத்துவது சில வகைகளில் இருக்கக்கூடியதுதான், கண்ணில் தண்ணீர் வந்தால்தான் குற்றம்.

அப்புறம் இன்னொரு மணம் வரும்: ஈரச் சாக்கு, மாட்டுக் கொட்டில், பழைய தோல். அதுவும் பழுதில்லை. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை. 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் இருந்த கிளவுசன் ஆங்கிலேய பியர்களில் இதைக் கண்டு பெயர் வைத்தார். பெயரின் பொருளே பிரித்தானியப் பூஞ்சை என்பதுதான். முதல் முறை முகர்ந்தபோது எனக்கு எங்கள் பழைய வீட்டு மாட்டுக் கொட்டில் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அப்படி ஒரு போத்தலை நானே சிங்கில் ஊற்றியிருக்கிறேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. விலையை மட்டும் ஒரு துண்டில் எழுதி என் முன்னால் வைத்தார்.

முதல் மிடறை நம்பாதீர்கள். புளிப்பை அளக்கும் பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்: சாதாரண பியருக்கு 4க்குச் சற்று மேலே, இது 3க்கும் மூன்றரைக்கும் இடையில். நாக்கு முதலில் அதிரும், உமிழ்நீர் ஊறும். இரண்டாவது மிடறில் அதிர்ச்சி அடங்கும். மூன்றாவதில்தான் பழம் தெரியும்: பச்சை மாங்காய், தேசிக்காய்த் தோல், சில போத்தல்களில் அன்னாசி. ஓக் மரத்தில் இருந்து வரும் ஒரு பொருள் தேங்காய் மணம் தரும். அதை எங்கள் ஆட்கள்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஆனால் மூன்றாவது மிடறுக்கு போத்தல் மிஞ்ச வேண்டுமே!

நண்டுக்கறியோடு

வேண்டாம். உறைப்பும் புளிப்பும் காஸும் சேர்ந்தால் வாய் எரியும், இரண்டும் வீண். உப்புக் கச்சான் எடுங்கள்.

நுரை இல்லை என்ற முறைப்பாடு

நிற்காது. இந்த வகை அப்படித்தான்.

அடிவரை கவிழ்ப்பது

அடியில் ஈஸ்ட் மண்டி இருக்கும். நஞ்சல்ல, கடைசி கிளாஸைக் கலக்கிவிடும். ஒரு விரல் விட்டுவிடுங்கள்.

அலுமாரிக்கு மேல் வைப்பது

ஒரு வருடம் நல்லூர்த் திருவிழா தொடங்கும் அன்று என் கைக்கு ஒரு போத்தல் வந்தது. திருவிழா முடியும்வரை வீட்டில் மச்சமும் இல்லை, மதுவும் இல்லை, அம்மாவின் கட்டளை. 25 நாளும் தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரித் தலையில் அது வெந்தது. திறந்தபோது ஈரக் கடதாசி மட்டை மணம். திறக்காத போத்தலை இருட்டிலும் குளிரிலும் நிமிர்த்தி வையுங்கள், பிரிட்ஜின் கீழ்த்தட்டு நல்ல இடம்.

கொக்குவிலில் மிஞ்சிய இரண்டாவது போத்தல் இப்போது என் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிற்கிறது. தம்பி திரும்பிப் போகுமுன் திறக்க வேண்டும். வாழைமரத்து ஐயாவுக்கும் சொல்லியிருக்கிறேன். பனையோலை தன் மணத்தையும் சேர்க்கும்தான், இந்த ஒருமுறை பரவாயில்லை, பிளாவோடு வரச் சொல்லியிருக்கிறேன்.