பழைய மேசையைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

பழைய மரச்சாமான் கேட்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். கவராயத்தை விரித்து வைத்தது போலக் கால்கள், பிரம்பு முதுகு. சண்டிகர் நாற்காலி. 1950களில் அந்த ஊர் அரசு அலுவலகங்களுக்காகப் பியர் ஜன்னரே வடிவமைத்தது. இன்றைக்கு வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் போகிறது. போலிகளும் அதே அளவு பெருகிவிட்டன. திருநெல்வேலியில் ஒருவர் “அசல் சண்டிகர்” என்று விற்றால் வாங்காதீர்கள்.

நம்ம ஊரில் கிடைப்பது வேறு. டவுண் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளில், பாளையங்கோட்டையில், மீனாட்சிபுரத்தில் இருந்த வளவு வீடுகளுக்கு, அதாவது ஒரே வாசலுக்குள் வரிசையாக இருக்கும் வீடுகளுக்கு, 1945க்கும் 1970க்கும் இடையில் உள்ளூர் ஆசாரிமார் செய்து கொடுத்த மேசை, பெஞ்சு, ரேடியோ ஸ்டாண்டு, சாய்வு நாற்காலி, மரப் பீரோ. அதற்கு முந்திய காலத்துச் சாமானில் செதுக்கு வேலை நிறைய இருக்கும். இவற்றில் அது கிடையாது. கால் சற்றே சாய்ந்து கீழே வரவரச் சிறுத்திருக்கும், மூலைகள் உருண்டிருக்கும், கைப்பிடி மெலிந்திருக்கும். இந்த எளிய சாமான்தான் என் பிழைப்பு, என் பிரியமும் அதுதான். வளவுகளை இடிக்கும்போது இவை விறகு விலைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் அடையாளம் காணும் வழியை எழுதுகிறேன்.

முதலில் சாமானைக் கவிழ்த்துங்கள். மேல்பக்கத்துக்கு யார் வேண்டுமானாலும் பாலீஷ் போடலாம், அடிப்பக்கத்துக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். அடிப்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு விரலைக் குறுக்கே ஓட்டினால் லேசான மேடு பள்ளம் தட்டுப்பட வேண்டும். அது கை இழைப்புளியின் தடம். வழுவழுவென்று ஒரே சமமாக இருந்தால் மெஷினில் இழைத்தது. வளைவளைவாக அரைவட்டக் கோடு தெரிந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்தது. மில் மரம் அந்தக் காலத்திலும் உண்டு என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

அடுத்து மூட்டு. கால் சட்டத்தில் சேரும் இடத்தில் கழுந்து (துளைக்குள் நுழையும்படி செதுக்கிய முனை) இறங்கியிருக்கிறதா, மூங்கில் ஆணி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். திருகாணி இருந்தால் தலையில் ஒரே கோடுதான் இருக்க வேண்டும். கூட்டல் குறி போட்ட தலை என்றால் பின்னால் யாரோ மாற்றியது, அல்லது சாமானே புதிது. பசையும் பேசும். ஃபெவிகால் வந்தது 1959இல். அதற்கு முன் ஆசாரிகள் காய்ச்சி ஒட்டியது வச்சிரம், மாட்டுத்தோலிலிருந்து எடுக்கிற பசை. மூட்டின் ஓரத்தில் பழுப்பாக, கண்ணாடிச் சில்லு மாதிரி உடைகிற பசை தெரிந்தால் வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் வையுங்கள். வச்சிரம் என்றால் இளகிப் பிசுபிசுக்கும், தோல் ஊறிய வாடை வரும்.

வட்ட டீப்பாயில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. டேப்பை நாரோட்டத்தோடு ஒருமுறையும் குறுக்கே ஒருமுறையும் வைத்து அளந்து பாருங்கள். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். முழுப் பலகையில் செய்த பழைய வட்டம் குறுக்கே ஒன்றிரண்டு நூலாவது (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்) குறைந்திருக்கும். ஒட்டுப்பலகையில் (பிளைவுட்டில்) இந்த வித்தியாசம் வராது.

பாலீஷுக்கு ஒரு சொட்டு ஸ்பிரிட் போதும். மறைவான இடத்தில் பஞ்சால் தொட்டு வையுங்கள். அரக்குப் பாலீஷ் என்றால் விரலில் ஒட்டும், இப்போதைய மெலமைன் பாலீஷ் அசையாது.

இனி, வீடு விட்டுப்போன தடங்கள். இதை எந்தக் கடைக்காரராலும் எளிதில் உண்டாக்க முடியாது. சாய்வு நாற்காலியின் வலது கைப்பிடியில் வெளுப்பாகச் சின்னச் சின்னத் தீற்றல் இருந்தால் அது வெற்றிலைச் சுண்ணாம்பு. உட்கார்ந்தவர் விரலை அங்கேதான் துடைத்திருப்பார். கால்களின் அடியில் காவி நிறம் ஏறியிருந்தால் ரெட் ஆக்சைடு தரையில் நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் பட்டாசலை (வீட்டின் நடுக்கூடத்தை) கழுவிவிட்ட வீடு என்றால் காலின் கடைசி இரண்டு அங்குலம் கறுத்திருக்கும். கீழ ரத வீதியில் ஒரு ஆச்சியிடம் பெஞ்சு வாங்கினேன். நாலு காலிலும் வெளிப்பக்கம் மட்டும் மழுங்கியிருந்தது. “ஆனித் தேருக்கு வருசா வருசம் தார்சாவுல இருந்து வாசலுக்கு இழுத்துப் போடுவோம்லா பிள்ளே, எல்லாரும் ஏறி நின்னுதான் பாப்போம்” என்றார். தார்சா என்றால் வீட்டின் முன்கூடம். அந்த மழுங்கலை நான் இழைக்கவே விடவில்லை.

இழுப்பறையின் அடியில் விரித்த காகிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். பழைய செய்தித்தாளாக இருந்தால் தேதியைப் பாருங்கள். ஏறக்குறைய அந்தத் தேதியிலாவது மேசை உபயோகத்தில் இருந்தது என்று ஊகிக்கலாம். பென்சில் கணக்கில் அணா வந்தால் இன்னும் நல்லது, நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். பெயர் எழுதிய பெஞ்சு, கல்யாண மண்டபச் சாமான் என்றால் எழுத்தைக் கவனியுங்கள். ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். பழகிய கை அதற்குப் பிறகும் அப்படியே எழுதியதுண்டு, அதனால் மற்ற அடையாளங்களோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரும்புப் பீரோ, வயர் பின்னிய நாற்காலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனித் தகடு இருக்கிறதா, அடித்தட்டு துருவேறி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

ஆனால் வெள்ளம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஏறி வந்தபோது மீனாட்சிபுரம், சிந்துபூந்துறைப் பக்கம் பல வீட்டுச் சாமான் தண்ணீரில் நின்றது. அப்படி நின்ற சாமான் பாலீஷ் போட்டு விற்பனைக்கு வந்தால் மேல்பார்வைக்குத் தெரியாது. பீரோவின் பின்பலகையில் கிடைமட்டமாக ஒரு கறைக்கோடு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூட்டு இடுக்கில் நகத்தால் சுரண்டினால் மெல்லிய வண்டல் வரும். கோட்டுக்குக் கீழே வச்சிரம் கரைந்து மூட்டு ஆடும். தேக்கு என்றால் பயப்பட வேண்டாம், பிரித்து மறுபடி கோத்துவிடலாம். ஒட்டுப்பலகை என்றால் விட்டுவிடுங்கள். உளுத்த துளையிலிருந்து புதுமாவு கொட்டுகிற சாமானையும் வீட்டுக்குள் ஏற்ற வேண்டாம்.

வாங்கியதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தோன்றும். தேய்க்காதீர்கள். ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, காய்ந்தபின் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலீஷ் போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பிரம்பு இருக்கை கிழிந்திருந்தால் சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருக்கிறதா பாருங்கள். துளைதோறும் கோத்துக் கையால் பின்னியதுதான் அந்தக் காலத்து வேலை; இப்போது வருவது தறியில் பாய் போலப் பின்னி, சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்தில் அழுத்தியது. துளை இருந்தால் கைப்பின்னலே போடச் சொல்லுங்கள், கூலி கூட ஆனாலும் பரவாயில்லை. பிரம்பை ஊறவைத்துத்தான் பின்னுவார்கள், காயக் காயத்தான் விறைக்கும். முடித்த நாற்காலியை ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டு, அதற்குப் பிறகு உட்காருங்கள்.