கட்டுப்பாடுள்ள சினாரியோ போட்டிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபடம் 120க்கு 120 கட்டம். டிரிகர், அதாவது 'இது நடந்தால் அதைச் செய்' என்ற கட்டளை, 20க்கு மேல் கூடாது. ஆட்டக்காரருக்கு வில்லேஜர் (பொருள் சேர்த்துக் கட்டடம் எழுப்பும் தொழிலாளி) கிடையாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்ற கணினிப் போர் ஆட்டங்களுக்கு சினாரியோ, அதாவது சொந்த வரைபடமும் கதையும் கொண்ட ஆட்டம், அமைக்கும் போட்டிகளில் இப்படிப்பட்ட விதிகள் வழக்கம். பலர் மனத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய போர்க்கதை இருக்கும். அதைக் கட்டிவிட்டு, கடைசி வாரத்தில் விதிக்கேற்ப வெட்டுவார்கள். வெட்டப்பட்ட தடம் ஒவ்வொரு மூலையிலும் தெரியும், நடுவர் கண்ணுக்கு அது தப்பாது.

விதியிலிருந்தே தொடங்குங்கள். வில்லேஜர் இல்லையென்றால் வழக்கமான முறையில் பொருள் சேர்க்க வழியில்லை. இறந்த வீரருக்குப் பதில் இன்னொருவர் எளிதில் வரமாட்டார். அப்படியானால் ஒவ்வொரு உயிரும் விலைமதிப்புள்ளது, காயம் ஆற்றும் துறவிதான் ஆட்டத்தின் உயிர்நாடி. இதை ஒரு தாளில் எழுதிவிட்டால் கதை தானாக வரும்: ஆபத்தான பாதையில் ஒரு வணிகக் கூட்டத்தைக் காப்பாற்றிக் கொண்டுபோவது.

வரைபட அளவில் ஒரு கணக்குத் தவறு அடிக்கடி நேர்கிறது. 240க்கு 240 என்பது 57,600 கட்டம். 120க்கு 120 என்பது 14,400. பாதி என்று நினைத்துத் திட்டமிட்டால் இடம் போதாது, ஏனென்றால் அது கால்பங்குதான். சின்ன வரைபடத்தில் ஒரே பாதையை ஆட்டக்காரர் இரண்டு முறை கடக்கும்படி அமைப்பது நல்ல உத்தி. போகும்போது ஆற்றில் பாலம் இருக்கட்டும், திரும்பும்போது உடைந்திருக்கட்டும்.

அதிகம் சறுக்குவது டிரிகரில்தான். ஒரு டிரிகருக்குள் பல விளைவுகளை வைக்கலாம். இதை மறந்து, ஐந்து வீரர்கள் தோன்ற ஐந்து டிரிகர் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். நிபந்தனைகளோ வழக்கமாக எல்லாம் ஒருசேர நிறைவேற வேண்டும். 'இது அல்லது அது' என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் போட்டால் அந்த டிரிகர் இயங்காமலே கிடக்கும்.

டைமர் நிபந்தனை, டிரிகர் இயங்கத் தொடங்கிய நொடியிலிருந்து எண்ணும். பதுங்கித் தாக்கும் படைக்கான டிரிகரைத் தொடக்கத்திலேயே 'ஆன்' நிலையில் விட்டால், ஆட்டக்காரர் காட்டை நெருங்கும் முன்பே எதிரி வந்து நிற்பான். அதை 'ஆஃப்' நிலையில் வைத்து, முந்தைய டிரிகர் மூலம் உயிர்ப்பியுங்கள். டைமர் எண்ணுவது ஆட்டத்தின் நொடிகளை என்பதையும் கவனியுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் புதிய பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனின் வழக்கமான 1.7 வேகத்தில் 60 நொடி என்பது கடிகாரத்தில் ஏறக்குறைய 35 நொடிதான். 'அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்' என்ற விதி இருந்தால் இந்த வித்தியாசம் பெரிது.

திரும்பத் திரும்ப ஓடும் டிரிகரில் டைமர் வைக்காவிட்டால் அது இடைவிடாமல் வீரர்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும், கணினி திணறும். ஒரு குறிப்பிட்ட வீரரை ஓரிடத்துக்குக் கொண்டுவரும் நிபந்தனை வைத்தால், அவர் வழியில் இறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு டிரிகர் ஒதுக்குங்கள். இல்லையேல் தோற்றதுகூடத் தெரியாமல் ஆட்டக்காரர் வெறும் வரைபடத்தில் அலைவார். அந்த இடத்தையும் ஒற்றைக் கட்டமாகக் குறிக்காமல் பாதையின் முழு அகலத்துக்கும் விரியுங்கள். பொது வெற்றி விதியைக் கட்டாயம் 'கஸ்டம்' என்று மாற்றுங்கள். பழைய 'கான்குவெஸ்ட்' (எதிரியை அழித்தால் வெற்றி) இருந்தால் எதிரிகள் எல்லாம் மாண்டதும் கதை பாதியில் முடிந்துவிடும்.

இந்த ஆட்டத்துக்கு 2022இல் வந்த டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கம் திராவிடர் நாகரிகத்தையும், சுருள்வாள் வீசும் உறுமி வீரரையும், ராஜேந்திர சோழன் படையெடுப்பையும் தந்ததிலிருந்து சிங்கப்பூர்த் தமிழருக்கு ஓர் ஆசை எழுவது இயல்பு: 1025 படையெடுப்பைச் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் நடத்திக் காட்டுவது. ஆசை தவறில்லை. ஆனால் அந்த முகத்துவாரத்தில் இருந்த எழுத்துப் பொறித்த சிங்கப்பூர்க் கல்லைச் சோழர் கல்வெட்டு என்று அறிமுக உரையில் அடித்துச் சொல்லாதீர்கள். 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட அக்கல்லின் எழுத்தை இதுவரை யாரும் உறுதியாகப் படித்துவிடவில்லை. 'போரே கூடாது' என்ற விதி வந்தால் உறுதியான வரலாறு அருகிலேயே இருக்கிறது. 1819இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை அமைத்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்தது. பொருள் சேர்த்துக் கட்டும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கரு கிடைப்பது அரிது. அப்படி அமைக்கும்போது தொடக்கக் கையிருப்பைப் பூஜ்யமாக்குங்கள். இல்லையேல் '200 கல் சேர்ந்ததும்' என்ற நிபந்தனை கையில் ஏற்கெனவே உள்ளதையும் எண்ணிக்கொண்டு முதல் நொடியிலேயே நிறைவேறிவிடும்.

தமிழில் உரையாடல் எழுதுவோர் முதல் நாளே எழுத்தைச் சோதிக்க வேண்டும். 'கெ' என்பதில் கொம்பு கணினியில் ககரத்துக்குப் பின் பதிவாகிறது, திரையில் முன்னால் வரவேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யாத எஞ்சினில் (ஆட்டத்தை இயக்கும் மென்பொருளில்) கொம்பு இடம் மாறி நிற்கும். 'கெ, கொ, கௌ, ஸ்ரீ' நான்கையும் போட்டுப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். ஆட்டம் உருவாக்கும் எஞ்சினான கோடோ 4 இதைச் சரியாகச் செய்கிறது. ஊடாடும் கதை எழுதும் கருவியான ட்வைன் உலாவியில் ஓடுவதால் அதிலும் சிக்கலில்லை. சின்ன ஆட்டங்களுக்கான பிக்கோ-8இன் 128க்கு 128 புள்ளித் திரையிலோ எழுத்துகளை நீங்களே படமாக வரைய வேண்டியிருக்கும்.

விதியில் ஐயம் இருந்தால் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். 'ஒரே ஒரு டவுன் சென்டர் (நகரின் மையக் கட்டடம்)' என்ற விதி எதிரிக்கும் பொருந்துமா? ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைவதைச் சில நடுவர்கள் ரசிப்பார்கள், சிலர் உடனே நீக்கிவிடுவார்கள். அந்தச் சூதாட்டம் பல வார உழைப்புக்கு ஏற்றதல்ல.

சோதனைக்கு உங்கள் கதையை அறியாத ஒருவரை உட்காரவைத்து, பின்னால் வாய்திறக்காமல் நில்லுங்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே குறிப்பு போதவில்லை. சொந்த ஒலிக்கோப்புகள் சினாரியோ கோப்புக்குள் தானாகச் சேராது, தனியே இணைக்க வேண்டும். கெடு 23:59 யுடிசி (உலகப் பொது நேரம்) என்றால் சிங்கப்பூரில் நமக்கு மறுநாள் காலை 7:59. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் என்றால் கோடையில் 12 மணி நேரம் கூட்டுங்கள், நவம்பரில் கடிகாரம் மாறியபின் 13. அனுப்பியதும் அதே கோப்பை வேறொரு கணினியில் இறக்கி, ஒருமுறை முடிவுவரை ஆடிப் பாருங்கள்.