ட்ரெய்லருக்கு டயர் வாங்கப் போறீங்களா? பூவ பாக்காதீங்க, பக்கத்த பாருங்க

மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை (இப்ப பெஸ்தாரி ஜெயா) பக்கம் ஹைலக்ஸ் பிக்கப் பின்னாடி சின்ன ட்ரெய்லர் மாட்டி செம்பனக் குலை ஏத்துறவங்க நெறைய பேரு, ஆனா டயர் வாங்கும்போது பாக்குறது ரெண்டே விஷயம்: பூ (ரோட்டுல படுற எடத்துல உள்ள வரி) எவ்ளோ இருக்கு, எத்தன வெள்ளி. நானும் அப்படித்தான், பூ நல்லா இருக்கேன்னு ரெண்டு செகண்டன் டயர் வாங்கி மாட்டுனேன், மூணாவது நடை மில்லுக்குப் போறப்ப உச்சி வெயில்ல ஒண்ணு டமார்னு வெடிச்சு பாதி குலை லொங்காங்குல, அதான் ரோட்டோர சாக்கடையில. ரப்பர் மரம் சீவுன குடும்பம் நாங்க, ரப்பருக்கும் வயசாகும்னு அன்னிக்குத்தான் ஒறச்சுச்சு.

மொதல்ல வெயிட்ட கணக்கு போடுங்க. காலி ட்ரெய்லர் 300 கிலோ, ஒரு குலை 25 கிலோன்னு வச்சா 40 குலைக்கு 1,000 கிலோ, மொத்தம் 1,300. ரெண்டு டயர்னா ஆளுக்கு 650. அதோட விட்டுறாதீங்க, லோடு எப்பவும் ஒரு பக்கமா சாயும், எஸ்டேட் ரோட்டுல குழி வேற, அதனால 20 சதவீதம் சேத்து 780 கிலோ தாங்குற டயரா தேடுங்க.

அடுத்து டயர் பக்கத்துல உள்ள நம்பர். 195ஆர்14சி 106/104 அப்படின்னு இருக்கும். 195 அகலம், மில்லிமீட்டர்ல. ஆர்னா ரேடியல் (உள்ள நூல் குறுக்கால நேரா ஓடுற வகை), 14 ரிம் சைஸ், இஞ்ச்ல, சின்னா வேன், லோரிக்கு செஞ்ச கெட்டியான டயர். 106தான் நமக்கு முக்கியம், அது 106 கிலோ இல்லீங்க, கோடு. 88னா 560 கிலோ, 94னா 670, 100னா 800, 106னா 950. பின்னால இருக்குற 104 ஒரே பக்கத்துல ரெண்டு டயர் ஜோடியா போடுறவங்களுக்கு, நமக்கு வேணாம். நம்ம கணக்குக்கு 94 பத்தாது, 100ல இருந்து மேல பாருங்க. எஸ்டின்னு ஆரம்பிச்சா ட்ரெய்லருக்குன்னே செஞ்சது, ரொம்ப நல்லது, ஆனா அத ஹைலக்ஸ்ல மாட்டிராதீங்க. சாதா கார் டயர் வேணவே வேணாம், பக்கம் மெத்துனு இருக்கும், லோடு ஏத்துனா ட்ரெய்லர் வாலாட்டும்.

இப்ப என்னைய கவுத்த விஷயம், வயசு. டிஓடின்னு எழுதியிருக்குற வரிசையில கடைசி நாலு நம்பர பாருங்க, 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. என் டயர்ல 1412 இருந்துச்சு. ட்ரெய்லர் பாதி நாள் லயத்துக்குப் பின்னாடி வெயில்ல சும்மாவே நிக்கும், அதனால பூ தேயாது, ஆனா பக்கத்துல நகத்தால அழுத்துனா மயிரு மாதிரி வெடிப்பு தெரியும். வெடிப்பு இருந்தா ஃப்ரீயா குடுத்தாலும் வாங்காதீங்க. செலூப் டயரும் (பழைய டயர்ல புதுப் பூ ஒட்டுனது) ட்ரெய்லருக்கு நான் போட மாட்டேன், அது என் முடிவு.

ஒரே அச்சுல ஒண்ணு ரேடியல் ஒண்ணு பயஸ்னு (நூல் சாய்வா ஓடுற வகை) கலக்காதீங்க. ரிம்முல நட்டு ஓட்ட எத்தனைன்னு எண்ணிட்டுப் போங்க, கடைக்குப் போயி நாலா அஞ்சான்னு முழிச்சா ரெண்டு நடை. 65 பிஎஸ்ஐக்கு (காத்து ப்ரெஷர் அளவு) மேல காத்து கேக்குற டயர்னா சாதா ரப்பர் வால்வு தாங்காது, இரும்பு வால்வு போடச் சொல்லுங்க, ரிம் அந்த ப்ரெஷர தாங்குமான்னும் கேட்டுக்குங்க.

காத்து காலையில, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பாக்கணும். முழு லோடுனா பக்கத்துல போட்டிருக்குற அதிகபட்ச ப்ரெஷர் வரைக்கும் அடிங்க, 8 ப்ளைன்னு (கெட்டி எவ்ளோங்குற அளவு) போட்ட சி டயர்ல பெரும்பாலும் 65 இருக்கும். கடைக்காரர் பழக்கத்துல கார் மாதிரி 32 அடிச்சு அனுப்பிருவாரு, பக்கத்துலயே நின்னு பாருங்க. காத்து கம்மியா இருந்தா டயர் பக்கம் மடங்கி மடங்கி சூடேறும், நெறைய டயர் வெடிக்கிறது இதனாலதான்.

புது டயர் மாட்டி ஒரு 80 கிலோமீட்டர் ஓடுனதும் நட்டு திரும்ப ஒரு தடவ முறுக்குங்க, லேசா தளந்திருக்கும். ஸ்பேர் டயரும் அதே சைஸ்ல இருக்கணும், நான் அத சங்கிலி போட்டு பூட்டி வச்சிருக்கேன், ஏன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல.