ஐடி சர்வீஸ் மேனேஜ்மென்ட் சான்றிதழ்: எதை முதலில் எழுதுவது?

ஐடி சர்வீஸ் மேனேஜ்மென்ட் என்பது ஒரு நிறுவனத்தின் கணினிச் சேவைகளை ஒழுங்காக நடத்தும் வேலை. அதற்கான சான்றிதழ்கள் என்று ஐடிஐஎல், கோபிட், ஐஎஸ்ஓ 20000, சர்வீஸ்நவ் எனப் பெயர்களை அடுக்கிவிட்டு "எதைப் படிக்கட்டும்?" என்று கேட்கிறார்கள். தினமும் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

படி 1: போன வாரம் உங்கள் கைக்கு வந்த டிக்கெட்டுகளை (பதிவான புகார்கள், கோரிக்கைகளை) ஒரு தாளில் எழுதுங்கள். பாஸ்வேர்டு ரீசெட்டும் நெட்வொர்க் புகாருமாக இருக்கிறதா, மாற்றங்களுக்கு ஒப்புதல் வாங்குவதா, வெண்டரோடு பேசுவதா? இன்னும் வேலையில் சேரவில்லை என்றால், சேர நினைக்கும் வேலைக்கான விளம்பரங்களைப் பார்த்து இதையே எழுதுங்கள்.

படி 2: ஐடிஐஎல் என்பது ஐடி சேவைகளை எப்படி நடத்துவது என்று சொல்லும் வழிமுறைத் தொகுப்பு. பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கம் அதன் முதல் நிலைத் தேர்வான ஐடிஐஎல் ஃபவுண்டேஷன்தான், முன் அனுபவம் கேட்கமாட்டார்கள். 2019இல் வந்த ஐடிஐஎல் 4 பதிப்பில் 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் பாஸ், புத்தகம் பார்க்க முடியாது. பணம் கட்டும் முன் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்று, தேர்வை நடத்தும் பீப்பிள்செர்ட்டின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தயவுசெய்து இதை மனப்பாடம் செய்யாதீர்கள். திங்கட்கிழமை காலையானால் மெயில் சர்வர் படுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரீஸ்டார்ட் செய்து ஆட்களை வேலை பார்க்க விட்டால் அது இன்சிடென்ட் கையாளுதல், ஏன் எல்லாத் திங்களும் விழுகிறது என்று லாகை (சர்வரின் பதிவுக் கோப்பை) தோண்டி, ஞாயிறு இரவு ஓடும் பேக்கப் டிஸ்க்கை நிரப்புகிறது என்று கண்டுபிடித்தால் அது ப்ராப்ளம் மேனேஜ்மென்ட். இப்படி ஒவ்வொரு சொல்லையும் உங்கள் தாளில் இருக்கும் ஒரு டிக்கெட்டோடு சேர்த்துப் படித்தால் தேர்வில் கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேட்டாலும் பிடிபட்டுவிடும். டம்ப் (கசிந்த கேள்வி-பதில் தொகுப்பு) வாங்கிப் படித்துத் தேறியவர் இன்டர்வியூவின் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

படி 3: ஃபவுண்டேஷனுக்கு அப்புறம்தான் அடுத்த நிலைத் தேர்வுகளாகக் கிளை பிரிகிறது. ஐடிஐஎல் 4இல் சப்போர்ட் வேலைக்கு "கிரியேட், டெலிவர் அண்ட் சப்போர்ட்", வாடிக்கையாளர், வெண்டர் பக்கம் என்றால் "டிரைவ் ஸ்டேக்ஹோல்டர் வேல்யூ", டெவ்ஆப்ஸ் (மென்பொருளை உருவாக்குபவர்களும் இயக்குபவர்களும் சேர்ந்து வேலை பார்க்கும் முறை) சூழலில் இருப்பவர்களுக்கு "ஹை வெலாசிட்டி ஐடி", டீமை நடத்துபவர்களுக்கு "டைரக்ட், பிளான் அண்ட் இம்ப்ரூவ்". நான்கும் முடித்தால் மேனேஜிங் புரொஃபெஷனல் என்ற தகுதி. இவற்றில் "டைரக்ட், பிளான் அண்ட் இம்ப்ரூவ்" ஸ்ட்ராடஜிக் லீடர் என்ற இன்னொரு தகுதிக்கான பாதைக்கும் கணக்கில் சேரும், அதனால் எந்தப் பக்கம் போவது என்று குழப்பமாக இருந்தால் அதை முதலில் எடுக்கலாம். இவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி கட்டாயம், செலவு கூடும். முடிந்தால் கம்பெனியிடம் கேளுங்கள்.

மற்றவை? ஐஎஸ்ஓ 20000 என்பது ஐடி சேவை நிர்வாகத்துக்கான சர்வதேசத் தரநிலை, அந்தச் சான்று நிறுவனத்துக்குத் தருவது. உங்கள் நிறுவனம் அந்த ஆடிட்டுக்குத் தயாராகிறது என்றால் அதற்கான தனிநபர் தேர்வை எழுதலாம். ஐசாகா என்ற தொழில்முறை அமைப்பின் கோபிட், கவர்னன்ஸ் (ஐடியை நெறிப்படுத்தி மேற்பார்வையிடுவது), ஆடிட் பக்கம் போகிறவர்களுக்கு. டிக்கெட்டுகளைக் கையாளும் மென்பொருளான சர்வீஸ்நவ்வில் நாள் முழுக்க கான்ஃபிகரேஷன் செய்பவர் என்றால் அதன் அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழ் உடனே கைகொடுக்கும்.

படி 4: ஐடிஐஎல் சான்றிதழை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சரி, கணக்கு ஒத்துவந்தால் ஃபவுண்டேஷனுக்கு மட்டும் தேதி குறியுங்கள். அடுத்ததற்குப் பணம் கட்டுவதை அந்த ரிசல்ட் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.