மூதாதையர் பற்றிய மரபணு ஆய்வுகளைப் படிப்பது எப்படி?

தெற்காசிய மக்களின் மரபணு வரலாறு குறித்து ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளியானதும், அதிலுள்ள வண்ணப் படங்களும் விழுக்காடுகளும் சமூக ஊடகங்களில் பரவி, ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டியதை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. உயிரியல் பட்டம் இல்லாவிட்டாலும் அத்தகைய கட்டுரைகளை நேரடியாகப் படித்துப் புரிந்துகொள்ள விரும்பும் வாசகருக்காக இதை எழுதுகிறேன். மூதாதையர் குறித்துத் தரப்படும் எந்த விழுக்காடும், யாரோடு ஒப்பிட்டார்கள், எந்த அனுமானத்தின் கீழ்ப் பிரித்தார்கள் என்ற இரண்டையும் சார்ந்தே பொருள் பெறுகிறது. படிக்கும்போது இந்த இரண்டையும் தேடிக்கொண்டே செல்ல வேண்டும்.

முதலில் திறக்க வேண்டியது மாதிரிப் பட்டியல். பெரும்பாலும் அது பின்னிணைப்பில்தான் இருக்கும்; இருந்தாலும் தேடிப் பார்த்துவிட வேண்டும். எத்தனை பேரிடம், எந்த ஊரில், எந்தச் சமூகத்தாரிடம் மாதிரி எடுக்கப்பட்டது என்பது தெரியாமல் முடிவுகளைப் படிப்பதில் பயனில்லை. உலகெங்கும் ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் ‘ஆயிரம் மரபணுத்தொகுதிகள்’ திட்டத்தில் 26 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் உள்ளனர். அவர்களுள் தெற்காசியர் 489 பேர். லாகூர் பஞ்சாபியர், வங்கதேச வங்காளியர் ஆகிய இரு குழுக்களின் மாதிரிகள் மட்டுமே தெற்காசியாவில் திரட்டப்பட்டன. குஜராத்தியர் மாதிரி அமெரிக்காவின் ஹூஸ்டனிலும், தெலுங்கர் மாதிரியும் இலங்கைத் தமிழர் மாதிரியும் பிரிட்டனிலும் எடுக்கப்பட்டவை. ஆகவே இத்தரவைக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரையில் ‘தமிழர்’ என்று காணும்போது, அது பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ நூறு பேரைக் குறிக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நீலகிரிப் பழங்குடியினரையோ காவிரிப் படுகை உழவர்களையோ பற்றி அந்த எண்கள் தாமாக எதுவும் சொல்லிவிடுவதில்லை.

மாதிரி சிறியது என்பதற்காக ஓர் ஆய்வைத் தள்ளிவிடவும் கூடாது. ஹரியானாவிலுள்ள சிந்துவெளி நகரமான ராக்கிகடி பற்றி 2019-இல் வெளியான ஆய்வில், 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்தும் ஒரே ஒரு பெண்ணின் டி.என்.ஏ. மட்டுமே பயன்படும் அளவுக்குக் கிடைத்தது. ஒருவரை வைத்துச் சிந்துவெளி முழுவதையும் பேசலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் சிந்துவெளியோடு தொடர்பிலிருந்த பழங்கால ஊர்களான துர்க்மெனிஸ்தானின் கோனூரிலும் ஈரானின் ஷஹ்ர்-ஈ-சோக்தாவிலும் கிடைத்த, சுற்றியிருந்தவர்களிலிருந்து வேறுபட்ட 11 பேரின் மரபணுக்கள் அப்பெண்ணுடையதோடு ஒத்திருந்தன. அவர்கள் சிந்துவெளியிலிருந்து சென்றவர்கள் என்றும், அப்பெண்ணின் மரபணு அமைப்பு அங்கு பலரிடம் இருந்தது என்றும் எட்டப்பட்ட முடிவுக்கு அந்தத் துணைச்சான்றுதான் வலுச் சேர்க்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தபின், வேறெந்தச் சான்று அதைத் தாங்கி நிற்கிறது என்றும் பார்ப்பதே முறை.

அடுத்து, புள்ளிகள் சிதறிக் கிடக்கும் வரைபடம் வரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர். மரபணு வேறுபாடுகளில் மிகப் பெரியவற்றை இரண்டு அச்சுகளில் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு இது. இந்த அச்சுகள் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களால் உருவாகின்றன. ஐரோப்பியரையும் சீனரையும் சேர்த்தால் ஒரு படம் வரும், நீக்கினால் வேறொரு படம் வரும். ஆகவே இரு வேறு கட்டுரைகளின் படங்களை அருகருகே வைத்துத் தூரத்தை ஒப்பிடக் கூடாது. 2009-இல் 25 இந்தியக் குழுக்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான குழுக்கள் ஒரு சாய்கோட்டின் வழியே அமைவதைக் கண்டு, அக்கோட்டின் இரு முனைகளுக்கு ‘வட இந்திய மூதாதையர்’, ‘தென்னிந்திய மூதாதையர்’ என்று பெயரிட்டார்கள். அப்பெயர்கள் கணக்கீட்டிலிருந்து பிறந்தவை. 523 பழங்கால மனிதர்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை, அந்த இரு மூதாதையருமே பொ.ஆ.மு. 2000-க்குப் பின் உருவான கலப்புகள் என்று காட்டியது. சிந்துவெளி சார்ந்த மக்கள், அவர்களுக்கும் முன்பே தெற்காசியாவில் வாழ்ந்த வேட்டைச் சமூகத்தார், மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து வந்தவர்கள் என்போரின் வெவ்வேறு விகிதச் சேர்க்கைகளே அவை. ‘தூய’ முனை எதையும் அந்தக் கோட்டில் தேடுவது வீண்.

மிகுதியாகத் தவறாகப் படிக்கப்படுவது வண்ணப் பட்டைகள் அடுக்கிய படம்தான். இதற்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள். மக்களை எத்தனை மூலக்குழுக்களாகப் பிரிக்க வேண்டும் என்பதை ஆய்வாளரே மென்பொருளுக்குச் சொல்கிறார். படத்தின் ஓரத்தில் ‘கே’ என்ற எழுத்தோடு வரும் எண் அதுவே. 2002-இல் 52 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 1,056 பேரை ஆராய்ந்தபோது, ஐந்து என்று கொடுத்ததற்கு உலகின் பெரும் நிலப்பகுதிகளை ஒட்டி ஐந்து வண்ணங்கள் வந்தன. ஆறு என்று கொடுத்ததும், ஆறாவது வண்ணம் பாகிஸ்தானின் வடமேற்கு மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் கலாஷ் என்ற சிறு சமூகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள அச்சமூகம், ஒரு கண்டத்துக்கு நிகரான தொன்மை உடையது என்று இதற்குப் பொருளாகாது. சிறு குழுவாக நெடுங்காலம் தமக்குள்ளேயே மணந்துவந்தவர்களிடம் சில மரபணு வடிவங்கள் தற்செயலாகவே பெருகிவிடுகின்றன. மென்பொருள் அதைத் தனி வண்ணமாகக் காட்டிவிடுகிறது. ஆகவே ஒரு சிறு குழுவுக்கு மட்டும் தனி வண்ணம் தெரிந்தால், அகமணத்தின் விளைவாக இருக்குமோ என்பதையே முதலில் ஐயுறுங்கள். அதே ஆய்வில், மொத்த வேறுபாட்டில் 93 முதல் 95 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்குழுவுக்குள்ளேயே இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எஞ்சிய சிறு பங்கைத்தான் வண்ணங்கள் அவ்வளவு பளிச்சென்று காட்டுகின்றன.

காலக்கணிப்புகளுக்கும் இதே கவனம் தேவை. இரு மக்கள் கலந்தபின், ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ.வைச் சுமக்கும் குரோமோசோம்கள் பகுதிகளை மாற்றிக்கொள்வதால் மூதாதையரிடமிருந்து வந்த துண்டுகள் குறுகிக்கொண்டே போகின்றன. துண்டின் நீளத்திலிருந்து தலைமுறைகளைக் கணக்கிட்டு, பின் ஆண்டுகளாக மாற்றுகிறார்கள். 2013-இல் 73 குழுக்களை ஆராய்ந்து, இந்தியாவில் பெருங்கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று கண்டது இம்முறையில்தான். கலப்பு ஒரே அலையில் நடந்ததாகக் கொண்டார்களா, ஒரு தலைமுறைக்கு எத்தனை ஆண்டுகள் வைத்தார்கள் என்ற இரண்டையும் கட்டுரையில் தேடிப் பாருங்கள்.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமையும் தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும் பற்றிய முடிவுகளுக்கு அதிகப் பொருள் ஏற்ற வேண்டாம். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு; இவ்விரண்டில் ஒவ்வொன்றும் அவற்றுள் ஒரே ஒரு இடத்தைத்தான் தொடுகிறது.

வணிக நிறுவனங்களுக்கு உமிழ்நீர் அனுப்பிப் பெறும் அறிக்கையையும் இதே வழியில் படிக்கலாம். நிறுவனம் தன் ஒப்பீட்டுத் தொகுப்பைப் புதுப்பித்தால், அதே உமிழ்நீருக்கு வேறு விழுக்காடுகள் வரும். நோய் ஆபத்தைக் கணிக்க அந்த விழுக்காடுகள் உதவா. அதற்குக் குடும்ப, சமூக வரலாறே பயன்படும். 2017-இல் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தவர்கள், சில மூதாதையரிடமிருந்தே பெருகியதன் தடயம் அதற்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களிடம் காண்பதைவிட வலுவாக உள்ள குழுக்கள் பலவற்றைக் கண்டார்கள். அத்தகைய குழுக்களில் சில பரம்பரைக் குறைபாடுகள் பெருகியிருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, ஆந்திர, தெலங்கானாப் பகுதிகளின் வைசியச் சமூகத்தாரிடம் ப்யூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைபாடு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அக்குறைபாடு உள்ளவர்களுக்கு, மயக்கமருந்தோடு தரப்படும் சில தசைத்தளர்த்தி மருந்துகளின் விளைவு நெடுநேரம் நீடித்து, மூச்சுவிடுவதே தடைபடலாம். அறுவைச் சிகிச்சையின்போது உறவினர் எவருக்கேனும் அப்படி நேர்ந்திருந்தால், அதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.