ஐட்டம் மோட்: அகழி சூழ்ந்த மாளிகையைப் பார்க்கும் முறை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், செவனோக்ஸ் நகருக்குக் கிழக்கே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் ஐட்டம் மோட் மாளிகை 14-ஆம் நூற்றாண்டில் உருவானது. நான்கு புறமும் அகழியில் இன்றும் நீர் நிற்கிறது. முதன்முறை செல்வோருக்காக என் அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

படி 1: மாளிகையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் இணையதளத்தில் அன்றைய நேரங்களைப் பாருங்கள். தோட்டத்துக்கும் மாளிகைக்கும் நேரம் வேறுபடும்.

படி 2: போய்ச் சேருவதுதான் கடினமான பகுதி. மிக அருகிலுள்ள பரோ கிரீன் ரயில் நிலையம் ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் நடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இடையிலுள்ள குறுகிய சாலைகளில் பல இடங்களில் நடைபாதை கிடையாது. டாக்சியில் செல்வதானால் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நடக்க விரும்புவோர் லண்டன் சேரிங் கிராஸிலிருந்து செவனோக்ஸுக்கு ரயிலில் சென்று, மான்கள் மேயும் நோல் பூங்காவைக் கடந்து, கிரீன்சாண்ட் வே என்னும் நெடும்பாதையைப் பிடித்தால், காடும் குன்றுமாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடந்து மாளிகையை அடையலாம். இதற்குக் கைப்பேசி வரைபடத்தைவிட பிரிட்டனின் அரசு நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் 147 என்ற காகித வரைபடத்தையே நான் நம்புவேன். வயல்வெளி ஒற்றையடிப் பாதைகள் அதில் தெளிவாக இருக்கின்றன.

படி 3: உள்ளே நுழையுமுன் அகழியை ஒருமுறை சுற்றி வாருங்கள். மேற்கே கற்கோபுர வாயில், வேறு பக்கங்களில் கல்லின்மேல் எழும் மரச்சட்டச் சுவர்கள் என்று ஒவ்வொரு பக்கமும் வெவ்வேறு காலத்தைக் காட்டும். இதைப் பார்த்தபின் உள்ளே போனால்தான், அறைகள் ஏன் ஒன்றோடொன்று ஒழுங்கற்றுப் பொருந்தியிருக்கின்றன என்பது விளங்கும்.

படி 4: முற்றத்தில், செயின்ட் பெர்னார்ட் நாய் ஒன்றுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மரக்கூண்டு இருக்கிறது; மாளிகையைப் போலவே அதுவும் இங்கிலாந்தின் வரலாற்றுக் கட்டிடப் பட்டியலில் முதல் தரப் பாதுகாப்புப் பெற்றது. பெரிய கூடத்தைப் பார்த்துவிட்டு, அதிக நேரத்தைச் சிற்றாலயத்துக்கு ஒதுக்குங்கள். அதன் வளைந்த மரக்கூரையில் டியூடர் அரச மரபின் சின்னமான ரோஜாவும், அந்த மரபின் மன்னர் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரினின் மாதுளைச் சின்னமும் மங்கிய வண்ணத்தில் தெரியும். அண்ணாந்து பொறுமையாகப் பார்த்தால்தான் அவை ஒவ்வொன்றாகப் புலப்படும்.

1953-இல் மாளிகையை வாங்கிய அமெரிக்கர் சார்லஸ் ஹென்றி ராபின்சன், 1985-இல் இறந்தபோது அதை டிரஸ்டுக்கு விட்டுச் சென்றார். 1989 முதல் 2004 வரை நடந்த சீரமைப்பில் சுவர்களையும் கூரைகளையும் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பொருத்தினார்கள். அந்த உழைப்பு என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

படி 5: தோட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், மாளிகை மூடிய பிறகும் அது பெரும்பாலும் திறந்திருக்கும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டதால் இரண்டு குறிப்புகள். இங்கிலீஷ் ஹெரிடேஜ் உறுப்பினர் அட்டை இங்கே செல்லாது. அது வேறு அமைப்பு. மாடி அறைகளுக்குப் படிக்கட்டு ஏற வேண்டும். முதியோருடன் செல்வோர் முற்றத்தையும் கீழ்த்தள அறைகளையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது.