இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஒரு மாலை நடை

வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23-ஐ ஒட்டிய ஒரு வாரம்தான் இதற்குத் தோது. அப்போது சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில் இறங்கும். உயரக் கட்டடங்கள் நிறைந்த நகரத்தில் வடக்கு-தெற்குத் தெருக்கள் சீக்கிரமே நிழலில் மூழ்கிவிடும். சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழலின் நீளம் கட்டடத்தைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல். கிழக்கு-மேற்குத் தெருவிலோ வெளிச்சம் கடைசி வரை தெருவோடு ஓடிவரும். வரைபடத்தில் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். போன வார நேரத்தை நம்பினால் ஏமாறுவீர்கள்: 40 டிகிரி அட்சரேகையில் பகல் நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடத்துக்கு மேல் குறைகிறது.

கிழக்கு நோக்கி நடப்பது நல்லது. கண் கூசாது, எதிரே ஜன்னல்களெல்லாம் பொன்னாக மின்னும். தெருவைக் கடக்கும்போது மட்டும் கவனம். மேற்கே வண்டி ஓட்டுபவருக்கு எதிர்வெயிலில் நீங்கள் தெரியாமல் போகலாம்.

தடித்த கோட்டு வேண்டாம், வேர்த்துப்போகும். மெல்லிய உடை இரண்டு அடுக்காகப் போதும். இருட்டியதும் குளிர்ந்தால், மேற்கு பார்த்த செங்கல் சுவரோரம் உட்காருங்கள். பகல் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.